டாப் லிங்க் வாங்கப் போறீங்களா? ஹெச்பி சொல்லாதீங்க, டேப்பை எடுங்க!

"அண்ணே, நம்ம வண்டி 45 ஹெச்பி. ஹைட்ராலிக் டாப் லிங்க் எந்த சைஸ் போடணும்?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் டிராக்டர் வச்சிருக்கிறவங்க நாலு பேர் டீக்கடையில சேர்ந்தா இந்தக் கேள்வி வந்துடுது. பதிலும் ரெடியா இருக்கும். "45-ஆ? அப்ப பெரிசாவே போட்டுடு, பின்னாடி வம்பு வேணாம்." கேட்டவர் திருப்தியா போயிடுவார். சொன்னவரும் புண்ணியம் கட்டிக்கிட்ட சந்தோஷத்துல டீயை உறிஞ்சுவார். எனக்குத்தான் வயிறு எரியுது. கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு. இந்த ரெண்டு தப்புக்கு நடுவுல போறது ஒரு விவசாயியோட காசு. நேரம் சரியில்லேன்னா உசுரும் போகும்.

சட்டை வாங்கப் போனா உங்க எடையையா சொல்றீங்க? மார்பளவு சொல்றீங்க. டாப் லிங்க்கும் அப்படித்தான். இன்ஜின் எத்தனை குதிரைன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. வண்டிப் பக்கம் ஒரு பின்னு, கருவிப் பக்கம் ஒரு பின்னு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? இதுதான் அதுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு.

முதல்ல அந்த ராடு என்ன வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். "கலப்பை பின்னாடி சாயாம புடிச்சுக்கறது"ன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது பாதிதான். கலப்பையைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது டாப் லிங்க் இழுபடும். சட்டிக் கலப்பையை மண்ணுல இறக்கி உழும்போது அதே ராடு அமுங்கும், அதாவது கலப்பை அதை வண்டியைப் பார்த்துத் தள்ளும். இந்தத் தள்ளலை வச்சுத்தான் ஹாரி ஃபெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரர் உலகத்தையே மாத்தினார். அந்தக் காலத்துல கலப்பையைச் சங்கிலி மாதிரி பின்னாடி கட்டி இழுத்தாங்க. கொழு ஒரு பாறையில மாட்டினா டிராக்டர் முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு பின்பக்கமா கவிழ்ந்து ஓட்டுறவர் மேலேயே விழும். ஃபெர்குசன் கீழ ரெண்டு, மேல ஒண்ணுன்னு மூணு புள்ளியில கருவியைப் புடிச்சார். பாறையில மாட்டினா மேல் ராடு வண்டியை முன்பக்கம் தள்ளி மூக்கை மண்ணோட அமுக்கும். அந்தத் தள்ளலையே ஹைட்ராலிக்குக்குச் சைகையா கொடுத்து, கலப்பை தானா ஏறி இறங்குறதுக்கு 1926-ல காப்புரிமையும் வாங்கினார். சென்னையில 1960-ல ஆரம்பிச்ச டாஃபே தயாரிச்ச மாஸி ஃபெர்குசன் வண்டிகள் வழியா அந்த ஏற்பாடுதான் நம்ம ஊர்க் காட்டுக்கும் வந்துச்சு.

கல்வராயன் மலையடிவாரத்துல காடு வச்சிருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. கச்சிராயபாளையத்தைத் தாண்டினா மண்ணைவிடக் கல்லு அதிகமா இருக்கிற நிலம் எத்தனையோ இருக்கு. அங்க உழுறவருக்கும் ஆபத்துக்கும் நடுவுல நிக்கிற இரும்பு இந்த ராடுதான். அதைப் போயி "45-ஆ, பெரிசா போடு"ன்னு தீர்மானிச்சா எப்படிங்க?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் அளவு, பின்னு. இதுக்கு ஐ.எஸ்.ஓ 730-னு உலகத்துக்கே பொதுவான கணக்கு இருக்கு. கேட்டகிரி 1-ன்னா மேல் பின் 19 மி.மீ, கீழ் பின் 22 மி.மீ. கேட்டகிரி 2-ன்னா மேல் பின் 25 மி.மீ சொச்சம் (நம்ம ஊர் பேச்சுல 1 அங்குலம்), கீழ் பின் 28 மி.மீ சொச்சம். வண்டி ஒரு கேட்டகிரி, பழைய கருவி வேற கேட்டகிரின்னு இருக்கிற வீடுங்க நிறைய. 25 ஓட்டையில 19 பின்னைச் சொருகி ஓட்டுற மகராசனுங்களும் உண்டு. 6 மி.மீ ஆட்டம்! ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னு சுத்தியல் மாதிரி இடிச்சு ஓட்டையை முட்டை வடிவமாக்கிடும். நடுவுல ஒரு புஷ் போட்டா தீர்ந்துச்சு. அந்தப் புஷ்ஷுக்குக் காசு கொடுக்க மனசு வராதவர்தான் சிலிண்டர் மட்டும் பெரிசா வேணும்பார். :-)

ரெண்டாவது அளவு, நீளம். பாதிப் பேர் சறுக்குறது இங்கதான். சமதரையில வண்டியை நிறுத்துங்க. ஒரு கருவியை மாட்டுங்க. இப்ப இருக்கிற மரை டாப் லிங்கைத் திருகி, கருவி வேலை செய்யற நிலைக்குக் கொண்டுவாங்க. பின்னு நடுவுலேர்ந்து பின்னு நடு வரைக்கும் அளங்க. எழுதி வைங்க. உங்ககிட்ட இருக்கிற எல்லாக் கருவிக்கும் இதே மாதிரி செய்யுங்க. ஒண்ணை மட்டும் அளந்துட்டு கடைக்கு ஓடாதீங்க.

கணக்குக்கு இப்படி வச்சுக்குவோம். ரோட்டவேட்டருக்கு 54 செ.மீ, 9 கொத்துக் கலப்பைக்கு 58, பிளேடுக்கு 66. ரெண்டு பக்கமும் 4 செ.மீ விளையாட இடம் விட்டா, லிங்க் மூடினா 50-க்கு வரணும், திறந்தா 70-க்குப் போகணும். ஓட்டம் 20 செ.மீ. அவ்வளவுதான் உங்க சைஸ். இதை எழுதிக்கிட்டுப் போனா எந்தக் கடைக்காரரும் உங்க தலையில மிளகாய் அரைக்க முடியாது.

இப்ப "பெரிசா போடு" கட்சி என்ன செய்யும்? "20 எதுக்கு, 25 ஓட்டம் உள்ளதை வாங்கு, சவுகரியம்"னு சொல்லும். அந்த ஆளுக ஒண்ணு மறந்துடறாங்க. சிலிண்டர்ல ஓடுற பாகம் போக, ரெண்டு முனை, பிஸ்டன், மூடின்னு ஓடாத பாகமும் இருக்கு. அது 30 செ.மீ-ன்னு வச்சுக்கிட்டா, 20 ஓட்டத்துக்கு மூடின நீளம் 50. 25 ஓட்டத்துக்கு 55. உங்க ரோட்டவேட்டருக்கு வேண்டியதோ 54! மாட்டவே மாட்டாது. மாட்டினாலும் பின்பக்கம் தொங்கிக்கிட்டு ஓடும், பி.டி.ஓ ஷாஃப்ட் கோணல்ல சுத்தி ஜாயின்ட்டைத் தின்னும். பெரிசு வாங்கினவர் சின்னதா ஒரு வேலை செய்ய முடியாம நிப்பார்.

அதே மாதிரி எப்பவும் முழுசா நீட்டி வச்சு உழுறதும் கூடாது. நீண்ட ராடு அமுக்கத்துல வளையும். நீங்க அதிகமா செய்யற வேலை ஓட்டத்தோட நடுப்பகுதியில வர்ற மாதிரி பார்த்துக்குங்க.

மூணாவது, சிலிண்டர் விட்டம். "50 மி.மீ பத்தாது, 63 போடு" பேச்சு. கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். 500 கிலோ ரோட்டவேட்டர். அதோட பாரம் கீழ் பின்னுலேர்ந்து 60 செ.மீ பின்னாடி இருக்குன்னு வைங்க. கேட்டகிரி 1-ல மேல் பின்னுக்கும் கீழ் பின்னுக்கும் உயரம் 46 செ.மீ. தூக்கி நிறுத்தும்போது டாப் லிங்க் மேல வர்ற இழுப்பு 500 × 60 ÷ 46, சுமார் 650 கிலோ. வரப்புல ஏறி இறங்கி மூணு மடங்கு குலுங்கினாலும் 2 டன்னுக்குள்ளதான். இந்தப் பக்கம் 50 மி.மீ சிலிண்டர், 25 மி.மீ ராடு, 175 பார் அழுத்தம்னு வச்சா இழுக்கிற பலம் 2.6 டன், தள்ளுற பலம் 3.5 டன். போதாதா? 63 போட்டா தள்ளுற பலம் அஞ்சரை டன்னுக்கு ஏறும். அந்தப் பலம் எங்க போகும்? கருவி மண்ணுல இறுகி நிக்கும்போது லீவரைத் தட்டினீங்கன்னா கருவியோட மாஸ்ட்டை வளைக்கிறதுக்குப் போகும். சங்கிலியில பலவீனமான கண்ணி எதுவோ அதுதான் அறும். சிலிண்டர் பெரிசானா பின்னும் பிராக்கெட்டும் பெரிசாயிடாது ஐயா!

இன்னொண்ணு. அந்த 50 மி.மீ சிலிண்டர் 20 செ.மீ ஓட கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல, 400 மில்லிக்குள்ள எண்ணெய் போதும். பம்பு நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளினா ஒண்ணேகால் செகண்டுக்குள்ள முழுசா நீண்டுடும். கருவி பக்கத்துல ஆள் நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால எண்ணெய் வழியை ஒடுக்குற ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம். இதை யாராவது டீக்கடையில சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

நாலாவது, லாக் வால்வு. மரை டாப் லிங்க் திருகின இடத்துல நிக்கும். சிலிண்டர் அப்படி நிக்காது. உள்ள எண்ணெய் கசிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா நீளும், சுருங்கும். 9 கொத்துக் கலப்பையில டாப் லிங்க் சுருங்கினா முன் வரிசை ஆழமா போகும், நீண்டா பின் வரிசை ஆழமா போகும். காலையில சரி பண்ணின ஆழம் மதியத்துக்குள்ள மாறிடும். மாஸி மாதிரி டாப் லிங்க் வழியா ஆழம் உணர்ற வண்டியில கேக்கவே வேணாம், லிஃப்ட் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடும். அதுவும் ஹோஸ் வெடிச்சா? தூக்கி நிறுத்தின கருவி ஒரே சாய்ப்பு. சிலிண்டரோட சேர்ந்த, ரெண்டு பக்கமும் எண்ணெயைப் பூட்டுற லாக் வால்வு இல்லாத லிங்கை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.

அஞ்சாவது, உங்க வண்டியில எத்தனை எண்ணெய்க் குழாய்? டிப்பர் தூக்க ஒரே ஒரு குழாய் மட்டும் இருக்கிற வண்டிகள் நம்ம ஊர்ல ஏராளம். டிப்பர் தன் பாரத்துலேயே இறங்கிடும், ஒண்ணு போதும். டாப் லிங்க் நீளவும் சுருங்கவும் ரெண்டு வழி வேணும். ரெண்டு வழி வால்வு இல்லேன்னா அதுக்குத் தனியா செலவு. சிலிண்டர் விலையை மட்டும் சொல்லி வித்துட்டு, வீட்டுக்கு வந்தப்புறம் "வால்வு வேற வாங்கணுமே"ன்னு இழுக்கிறது வியாபாரமா, வலை வீசறதா?

மலைமேல வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டுல சரிவுல ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. "ஹைட்ராலிக் டாப் லிங்க் போட்டா சரிவுல கலப்பை மட்டமா நிக்கும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டாப் லிங்க் கருவியை முன்னும் பின்னும்தான் சாய்க்கும். பக்கவாட்டு மட்டம் சரி பண்றது வலது பக்க லிஃப்ட் ராடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

எல்லாத்தையும்விட முக்கியமானது இது. அறுவடை சீசன்ல மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு ஏத்துற டிரெய்லர் சேத்துல மாட்டினா, கைக்கு எட்டுற இடம்னு டாப் லிங்க் பிராக்கெட்டுல சங்கிலியை மாட்டி இழுக்காதீங்க. அச்சுக்கு மேல இழுத்தா வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னாடி கவிழும். குதிக்க நேரமே இருக்காது. ஃபெர்குசன் நூறு வருஷம் முன்னாடி எந்தச் சாவைத் தடுக்கப் போராடினாரோ, அதை நாமளே சங்கிலி போட்டுக் கூப்பிடறோம். இழுக்கிற வேலைக்குக் கீழே இருக்கிற டிராபார் மட்டும்தான்.

"அப்ப ஹைட்ராலிக் டாப் லிங்கே வேணாங்கறியா?" அப்படிச் சொல்லல. காலையில ரோட்டவேட்டர், மதியம் பிளேடு, சாயங்காலம் கலப்பைன்னு மணிக் கணக்குல வாடகைக்கு ஓட்டுறவர், பிளேடு போட்டு நிலம் சமன் பண்றவர், இவங்களுக்கு அது வரம். இறங்கி ஏறி மரை திருகுற வேலை மிச்சம், கோணத்தை ஓடும்போதே மாத்தலாம். ஆனா சொந்தக் காட்டுல 9 கொத்து ஒண்ணு மட்டும் போட்டு வருஷத்துக்கு நாலு உழவு ஓட்டுறவருக்கு அது எதுக்கு? ஒருமுறை திருகி வச்சா சீசன் பூரா ஓடுற மரை லிங்க்கு கிரீஸ் வைங்க, தேய்ஞ்ச பின்னை மாத்துங்க. மிச்சக் காசுல டயர் போடலாம்.

"எங்க தாத்தா டேப்பு புடிச்சா உழுதார்?"னு ஒரு கோஷ்டி வரும். உங்க தாத்தா ஏர் ஓட்டினவர். மாட்டோட உயரத்தைப் பார்த்து நுகத்தடியையும் ஏர்க்காலையும் ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சு வாங்கினவர். அளவு பார்க்காம அவர் ஒரு ஆணியைக்கூட அடிச்சதில்ல. அளக்காம வாங்குறது நம்ம காலத்துப் பழக்கம், அதைத் தாத்தா தலையில கட்டாதீங்க.

அதனால அடுத்த தடவை யாராவது "எத்தனை ஹெச்பி?"ன்னு கேட்டா, "அதை விடுங்க. பின்னு இது, மூடினா இவ்வளவு, திறந்தா இவ்வளவு, லாக் வால்வு வேணும், என் வண்டியில ரெண்டு வழி இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்கிறவர் முழிச்சார்னா, கடையை மாத்துங்க.

டிஸ்கி: புது லிங்கை மாட்டினதும் நேரா காட்டுக்குப் போயிடாதீங்க. ஆளை விலக்கிட்டு, இன்ஜினை மெதுவா வச்சு, கருவியை முழு உயரத்துக்குத் தூக்கி, லிங்கை முழுசா சுருக்கிப் பாருங்க. கருவி டயர்லயோ குடையிலயோ இடிக்குதா, ஹோஸ் இழுபடுதா, நசுங்குதான்னு தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷ வேலை.