இருபது நொடி இரக்கமும் காலனிக்கு வராத நிவாரணமும்

"பேரிடர் சாதி பார்ப்பதில்லை." ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நகரத்து மேடைகளில் இந்த வாக்கியம் ஒலிக்கிறது. கைத்தட்டலும் விழுகிறது. கடலும் மழையும் சாதி பார்ப்பதில்லைதான். ஆனால் யாருடைய வீடு பள்ளத்தில் இருக்கிறது, யாருக்குப் பட்டா இருக்கிறது, நிவாரண வண்டி எந்தத் தெருமுனையோடு திரும்புகிறது என்பதையெல்லாம் மழை முடிவு செய்வதில்லை. அதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. இந்த உண்மையைப் பேச மறுத்துத் திரட்டப்படும் நிதி, எவ்வளவு நல்ல மனதோடு திரட்டப்பட்டாலும், ஊர்த்தெருவோடு நின்றுவிடும் என்கிறேன்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. அதற்காகச் சென்னையில் நடந்த நிதி திரட்டும் மாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். நில உரிமையும் பேரிடர் நிவாரணமும் என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள் என்பதால் நண்பர் அழைத்திருந்தார். 'பெச்சா குச்சா' என்ற வடிவத்தில் நடந்த நிகழ்ச்சி அது. 2003-இல் டோக்கியோவில் இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய முறை. ஒருவருக்கு 20 படங்கள், படத்துக்கு 20 நொடி, ஆக 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்துவிட வேண்டும். 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு பல நாடுகளில் இதே வடிவில் கூடி மறுகட்டுமானத்துக்குப் பணம் சேர்த்தார்கள். வடிவத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மணிக்கணக்கில் நீட்டி முழக்கும் நம் மேடைப் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

என் கேள்வி, மேடையில் யார் நின்றார்கள் என்பது. ஒளிப்படக்காரர், கட்டடக் கலைஞர், கவிஞர், செயலி உருவாக்குபவர் எனப் பலர் பேசினார்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒருவர்கூடப் பேசவில்லை. அவர்கள் படங்களில் இருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கி நின்ற ஓர் இருளர் பெண்ணின் படம் சரியாக 20 நொடி திரையில் இருந்தது. அவர் பெயர் சொல்லப்படவில்லை. அவர் குடும்பம் ஏன் ஏரிக்கரைப் புறம்போக்கில் குடியிருக்கிறது, எத்தனை ஆண்டுகளாகப் பட்டா கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் சொல்லப்படவில்லை. மேகத்தின் ஊடே விழுந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

பயனாளிகள் பட்டியலை எப்படித் தயாரித்தீர்கள் என்று அமைப்பாளரிடம் கேட்டேன். "ஊர்ப் பெரியவங்க கொடுத்தாங்க சார். நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பட்டியல் கொடுத்தவர்கள் அவருக்கும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு. 'ஊர்ப் பெரியவர்' என்று சொல்லும்போதே காலனி வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறது.

இது என் ஊகமென்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேரைக் கொன்றது. மீனவர் குப்பங்களை ஒட்டி வாழ்ந்து, மீன் சுமந்தும் கருவாடு காயவைத்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த தலித் குடும்பங்கள், படகும் வலையும் இல்லாததால் 'பாதிக்கப்பட்டவர்' கணக்கிலேயே சேராமல் போயின. முகாம்களில் அவர்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அழுகிய பிணங்களை அகற்ற மட்டும் பிற நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் அதே கதைதான். மாநகரின் குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. வெள்ளம் வடிந்ததும் அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பிடுங்கி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அந்த இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அரசு அறிவித்த கணக்கைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். அதாவது பத்துத் தென்னை விழுந்தால் 11,000 ரூபாய், ஒரு குடும்பத்தின் குடிசை மொத்தமாகப் போனால் அதைவிட 1,000 ரூபாய் குறைவு. தென்னை விவசாயியின் இழப்பு பொய்யில்லை. கடன் வாங்கி வளர்த்த மரங்களைப் பறிகொடுத்த சிறு விவசாயிகள் டெல்டாவில் நிறைய உண்டு. ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் என்ன இடம்? புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். அதுவரை போன கூலிக்கு இழப்பீடு இல்லை. சொத்து வைத்திருப்பவருடைய இழப்பே இழப்பாகக் கணக்கில் ஏறுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொத்து மறுக்கப்பட்டவர் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவராகப் பதிவாகிறார். ஃபெஞ்சலுக்குக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். அட்டையே இல்லாத இருளர் குடும்பம் எதைக் காட்டி வாங்கும்?

"உதவ வருகிறவர்களை இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டால் நாளைக்கு யார் வருவார்கள்?" என்று சில தோழர்களே கேட்கிறார்கள். எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தச் சொல்லவில்லை. அரசு கைவிட்ட இடத்தில் ஒவ்வொரு ரூபாயும் தேவை. ஆனால் உதவி என்ற பெயரால் ஒரு கிராமத்துக்குள் போகும் பணம், அங்கே யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கைக்கே போகும். அந்தக் கையால் பிரித்துக் கொடுக்கப்படும்போது, ஏற்கெனவே இருக்கும் அடிமைத்தனத்துக்கு ஒரு நன்றிக்கடனும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறை கூலி உயர்வு கேட்கும்போது "வெள்ளத்துல அரிசி கொடுத்தோமே" என்று சொல்வார்கள்.

எனவே நிதி திரட்டுபவர்கள் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். பேச்சாளர்களில் பாதிப் பேராவது பாதிக்கப்பட்ட காலனிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் வரட்டும். பயணச் செலவும் அன்றைய கூலியும் கொடுத்து அழையுங்கள், 20 படங்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கட்டடக் கலைஞருக்குப் போதுமான 6 நிமிடம் 40 நொடி, பட்டா மனுவின் கதையைச் சொல்லவும் போதும். பட்டியலைக் காலனிப் பெண்களின் குழுக்களோடும் களத்தில் நிற்கும் இயக்கங்களோடும் உட்கார்ந்து தயாரியுங்கள். அட்டையும் பட்டாவும் கேட்காதீர்கள், போன கூலியையும் இழப்பாக எழுதுங்கள். சேற்றை அள்ளும் தொழிலாளர்களின் கையுறைக்கும் காலணிக்கும் மருத்துவத்துக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குங்கள். கடைசியாக, எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்ற கணக்கைத் தெருவாரியாக வெளியிடுங்கள். மொத்தத் தொகையைச் சொல்லிக் கைத்தட்டு வாங்குவது கணக்கு ஆகாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழை வரும்போது இதுபோன்ற மாலைகள் மறுபடியும் நடக்கும். டிக்கெட் வாங்கப் போகும் தோழர்களே, பணத்தைக் கொடுப்பதற்கு முன் அமைப்பாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பட்டியலைக் காலனியில் யாரிடம் காட்டினீர்கள்? பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.