காது குத்திக்கொண்ட பத்மினி

பத்மினி என்றதும் 'தில்லானா மோகனாம்பாள்' ஞாபகம் வந்தால் நீங்கள் ரொம்ப சீனியர் என்று அர்த்தம். நான் சொல்கிற பத்மினிக்கு நாலு சக்கரம்! ஃபியட் 1100 ஆகப் பிறந்து, பிறகு சித்தூர் ராணியின் பெயரை வைத்துக்கொண்ட பிரீமியர் பத்மினி. மும்பையில் டாக்ஸியாக ஓடின கடைசி பத்மினிக்கு 2023 அக்டோபரில், 20 வயசு முடிந்துவிட்டதென்று ரிடையர்மெண்ட் கொடுத்தார்கள்.

நாகர்கோவிலில் என் சிநேகிதன் வீட்டில் ஒன்று இன்னும் சர்வீஸில் இருக்கிறது. அவன் அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். கண்பார்வை ரொம்ப மங்கல். சாயங்காலம் காரைச் சுற்றித்தான் வாக்கிங். பக்கவாட்டில் ஓடுகிற பளபள பீடிங்மேல் விரலை வைத்துக்கொண்டே நடப்பார். இடது பக்க பீடிங் கழன்று விழுந்த நாளிலிருந்து பெரியவர் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டார். இவனுக்குத் தூக்கம் போயிற்று.

"டேப் வெச்சு ஒட்டிரலாமா?" என்று கேட்டான். டிங்கர் அண்ணாச்சி முறைத்தார்.

"ரெண்டு வெயில் அடிச்சா கையோட வந்துரும் மக்கா. கிளிப்தான் போடணும். ஆனா இப்ப முடியாது. காது குத்துன அன்னைக்கே ஜிமிக்கி மாட்டுவியா? புண்ணு ஆறாண்டாமா?"

புண் என்றது கிளிப் மாட்டுகிற ஓட்டைகளை. சுற்றிலும் துரு. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, வருஷம் முழுக்க உப்புக்காற்று. நம்ம மாவட்டத்தில் இரும்பு பிழைப்பதே பெரிசு! பீடிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாடி சாதா இரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் பேட்டரி மாதிரி வேலை செய்யுமாம். நான் காமர்ஸ். எனக்குப் புரிந்தது இப்படி: பளபளப்பது ஒருத்தன், தேய்மானம் எழுதுவது இன்னொருத்தன் கணக்கில். நம்ம ஆபீஸ்களில் நடக்காததா?

புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை. பழசையே சுரண்டி, ரெட் ஆக்சைடு தடவி, ஓட்டையின் விளிம்பு வரைக்கும் பெயிண்ட் தொட்டு, இரண்டு நாள் காயப் போட்டார். பிறகு ஹெட்லைட் பக்கத்திலிருந்து டிக்கி வரைக்கும் நூல் பிடித்துக் கோடு பார்த்தார். இரும்பு கிளிப்புக்குப் பதில் நைலான் கிளிப். ஒவ்வொரு ஓட்டையிலும் துளி கிரீஸ். கதவு திறக்கும்போது இடிக்காமலிருக்க, கதவோரத்தில் நூலிழை இடைவெளி. நான் சுத்தியலை எடுத்து நீட்டினேன்.

"அத தூரப் போடும். ஒருக்கா நெளிஞ்சா பொறவு நிமிராது."

உள்ளங்கையால் அமுக்கினார். டக்... டக்... டக் என்று வரிசையாக உட்கார்ந்தது.

பெரியவரைக் கூட்டி வந்தோம். முன்பக்கத்திலிருந்து விரல் வழுக்கிக்கொண்டே போயிற்று. பின்கதவு ஆரம்பத்தில் நின்றது.

"லேய், இங்க கை தட்டுகு."

நாங்கள் குனிந்து பார்த்தோம். எங்கள் நாலு கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி பெரியவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவராம்.

"சரி ஸார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பின்கதவு கிளிப்புகளை மறுபடி கழற்ற ஆரம்பித்தார்.