ஏரிக்கரையும் பொறியாளர் மேற்பார்வையும்

ஏரி மராமத்து என்றதும் நம்மில் பலர் முதலில் விசாரிப்பது மதிப்பீட்டுத் தொகையைத்தான். எத்தனை இலட்சம் ஒதுக்கப்பட்டது, எவர் பெயரில் வேலை எடுக்கப்பட்டது என்று கேட்கிறோம். வேலை நடக்கும் நாட்களில் கரைமேல் நின்று பார்க்கும் பொறியாளர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்போர் மிகச் சிலரே. இதுவே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சமுதாய நலத் திட்டம் தொடங்கப்பட்டபோது, மக்கள் தம் உழைப்பையும் பொருளையும் தந்து ஊரை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படையாயிருந்தது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோதும் இக்கொள்கையே பின்பற்றப்பட்டது. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் உழைப்பாகவோ, பொருளாகவோ, பணமாகவோ தருவது என்று வகுத்து, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுக்கப்பட்டன. பங்கு செலுத்தியவனுக்கு வேலையின் தரத்தைக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று கூறாமலிருக்க முடியவில்லை.

மண்கரைதானே, இதற்குப் பொறியாளர் எதற்கு என்று சிலர் எண்ணலாம். மண்கரைக்குத்தான் மேற்பார்வை மிகுதியாகத் தேவை. சிமெண்டு வேலையின் குறை சில வேளை கண்ணுக்குத் தெரியும். கரையின் குறையோ உள்ளே புதைந்துவிடும். மண்ணை முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, அளவான ஈரத்தில், உருளை ஓட்டி இறுக்க வேண்டும். லாரியில் கொணர்ந்து கொட்டி மேற்புறம் சமன் செய்துவிட்டால் பார்வைக்கு அழகாயிருக்கும். முதல் ஐப்பசி மழையிலேயே அமுங்கி வெடிக்கும். பழைய கரையை அகலப்படுத்தும்போது அதன் சரிவைப் படிபடியாக வெட்டிய பின்னரே புதுமண் சேர்க்க வேண்டும். இல்லையேல் புதியது பழையதோடு பற்றாமல் வழுக்கி விழும். சீமைக்கருவேல மரத்தை மட்டும் வெட்டி வேரை விட்டால், வேர் மக்கியபின் அவ்வழியே நீர் புகும். மதகுக் குழாயின் இருபுறமும் மண்ணை நன்கு கெட்டித்திராவிட்டால் அங்கேதான் முதற்கசிவு தோன்றும். கசியும் நீர் தெளிவாயிருப்பின் கவனித்து வரலாம். கலங்கி வருமாயின் கரையின் மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தூர் வாரும் வேலையில் வேறொரு சங்கடம் உண்டு. எத்தனை கனமீட்டர் வெட்டப்பட்டது என்பதை மழை பெய்து நீர் நின்றபின் எவராலும் சரிபார்க்க இயலாது. ஆகையால் வேலைக்கு முன்பும், முடிந்த உடனேயும், ஏரியின் தரைமட்டங்களை எடுத்து அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். அப்போது ஆயக்கட்டுச் சங்கத்தார் உடனிருக்க வேண்டும். கரையின் அடிவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி மண் எடுக்க எவரையும் அனுமதிக்கலாகாது.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். இன்னும் ஓரடி நீர் நின்றால் மற்றொரு போகம் விளையுமே என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குகிறோம். கலிங்கின் மட்டமும் நீளமும் வெள்ளத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அதை உயர்த்தினால் கரை உச்சிக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. பெருவெள்ளம் கரையைத் தாண்டி ஓடி அறுத்துவிடும். இத்தகைய வேளையில் வேண்டாமென்று சொல்லும் துணிவு பொறியாளருக்கும், அதைக் கேட்கும் பொறுமை நமக்கும் வேண்டும்.

நம் முன்னோர் எந்தப் பொறியாளரை வைத்து ஏரி கட்டினர் என்று வினவுவோர் உளர். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றொரு தனி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. பொறுப்புள்ளவர்களை அமர்த்திக் கண்காணிப்பது நமது பழைய வழக்கமேயன்றிப் புதிதாக வந்ததன்று.

ஒரு பிரிவு அலுவலரின் பொறுப்பில் பல ஏரிகள் இருக்கையில் அவர் எங்கெல்லாம் செல்வார் என்னும் மறுப்பில் நியாயம் உண்டு. தமிழகத்தில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருக்கின்றன. எனவே நாம் கோருவன இவை. முதலாவது, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் மேற்பார்வைக்கென ஒரு தொகை தனியே ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, அத்தொகையைக் கொண்டு பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் பயின்ற உள்ளூர் இளைஞர் ஒருவரை வேலை முடியும்வரை கரையில் நிறுத்த வேண்டும். ஓய்வுபெற்ற பொறியாளர்களின் யோசனையையும் பெறலாம். மூன்றாவது, அன்றாடம் போட்ட அடுக்கு, விட்ட நீர், வந்த அதிகாரி ஆகிய விவரங்களைக் குறிக்கும் தலப் பதிவேடு ஒன்று, எவரும் பார்க்கும்படி வேலைத் தலத்தில் இருக்க வேண்டும். நான்காவது, முதல் மழைக்காலம் கழிந்து மறு ஆய்வு முடிந்த பின்னரே கடைசித் தவணை வழங்கப்பட வேண்டும்.

இது உழவர் காரியம், நமக்கென்ன என்று நெசவாள அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. ஏரி நிறைந்தால்தான் சாயமிடும் கிணற்றில் நீர் ஊறும். கரை உடைந்தால் வெள்ளம் முதலில் புகுவது குழித்தறியின் குழியில்தான். நனைந்த பாவுக்கு நட்டஈடு பெறுவது எளிதன்று. உழவனும் நெசவாளியும் ஒரே கரையின் நிழலில் வாழ்கின்றனர்.

வரும் கோடையில் வேலை தொடங்குமுன், ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்குழுவில் இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, உரிய அதிகாரிகளுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தோடு நில்லாமல், முறைவைத்து நாளொன்றுக்கு இருவராவது கரைக்குச் சென்று வரவேண்டும்.