செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

தமிழ்ச் சொற்கள் நீண்டவை. கைப்பேசித் திரைக்கு அடங்கா. ஆகவே புணர்ச்சியை நீக்கிப் பிரித்தெழுதுக என்பர் சிலர். இது பொருந்தாக் கூற்று. குறை சொல்லில் இல்லை. வரியை மடிக்கும் மென்பொருளில் உள்ளது.

இடைவெளி கண்டு மட்டுமே மடிக்கும் மென்பொருள், 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதை முழுதாகக் கீழே தள்ளி, மேல்வரியைப் பொக்கைவாயாக்குகிறது. கண்ட இடத்தில் வெட்டும் மென்பொருளோ 'பள்ளி'யை முறித்து, 'ள்ளி' என அடுத்த வரியைத் தொடங்குகிறது. தனிமெய் மொழிமுதல் ஆகாது என்பது தொல்காப்பிய நெறி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டும் பிள்ளை அதனை எங்ஙனம் ஒலிக்கும்?

நெடுஞ்சொல் மிகுந்த ஜெர்மன் மொழி கணினிக்காகக் குறுகவில்லை; கணினியே அதன் சொற்பகுப்பு விதிகளைக் கற்றது. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழுக்கும் அத்தகைய விதிகள் உள்ளன. மலேசியாவில் 1985இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியபோது, கணினிதான் தமிழுக்கு இசைந்தது. நம் பாடநூல்களையும் மின்னூல்களையும் ஆக்குவோர் அவ்விதிகளைக் கேட்டுப் பெறுக! தமிழை வெட்டற்க!