தேவன் எந்தத் தெருவில் வாசம்பண்ணுவார்?

ஊருக்கு ஊர் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், உபவாச ஜெபம், வெளியூரிலிருந்து வரும் தேவ ஊழியரின் சிறப்புச் செய்தி. தலைப்பு என்னவோ ஒன்றுதான்: கடைசிக் காலத்தில் தேவன் தங்கும் ஆலயமாக மாறுவது எப்படி? இஸ்ரேலில் குண்டு விழுந்தால் ஒரு கூட்டம். கொரோனா வந்தபோது ஒரு கூட்டம். ஆதார் அட்டை வந்தபோதுகூட அதுதான் 666 முத்திரை என்று தொண்டை கிழியப் பேசியவர்கள் உண்டு. இரகசிய வருகை, அந்திக்கிறிஸ்து, மகா உபத்திரவம், ஆயிர வருட அரசாட்சி என்று வரிசையாகப் பயமுறுத்திவிட்டு, கடைசி நாளில் "சீஷத்துவம்" என்று ஒரு பட்டியல் தருவார்கள். சினிமா பார்க்காதே. பொட்டு வைக்காதே. நகை போடாதே. பீடி, சிகரெட், சாராயம் தொடாதே. தசமபாகம் தவறாதே. உன் சரீரம் தேவன் தங்கும் ஆலயம், அதைத் தீட்டுப்படுத்தாதே.

சாதி பார்க்காதே என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மறந்து விட்டுப்போனது என்று நம்பும் அளவுக்கு நாம் அப்பாவிகள் இல்லை. நகையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள். சாதியைக் கழற்றச் சொன்னால் பந்தல் காலியாகிவிடும் என்பது மேடையில் நிற்பவருக்குத் தெரியும்.

கடவுள் எங்கே குடியிருந்தால் நமக்கென்ன, இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தின்படி, நாட்டில் உள்ள ஏறக்குறைய 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். இது கத்தோலிக்கக் கணக்கு மட்டும். இத்தனை பேர் ஞாயிறு தோறும் போய் உட்காரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது சாதி ஒழிப்பு பேசுகிறவர்களின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

அவர்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். "நீங்கள் தேவனுடைய ஆலயம்" என்கிற கருத்து பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. கிரேக்க மூலத்தில் அது பன்மை. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு ஒருமையா பன்மையா என்று குழப்பம் வரலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. தமிழ் வேதாகமத்தில் பச்சையாக "நீங்கள்" என்றே இருக்கிறது. ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது அது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆலயம் என்பது பொருள். மேடைக்கு வந்ததும் அது "நீ" ஆகிவிடுகிறது. நீ பரிசுத்தமாயிரு, நீ தப்பித்துக்கொள், பக்கத்தில் இருப்பவன் எக்கேடு கெட்டால் உனக்கென்ன. சேரிக்காரனோடு சேர்ந்து ஒரே வீடாகக் கட்டப்பட வேண்டும் என்று இருந்ததை, ஆளுக்கொரு குட்டிக் கோயில் என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. கோயில் என்றால் உடனே தீட்டு வந்துவிடும் அல்லவா? பார்ப்பனியத்துக்கு இதைவிட வசதியான வியாக்கியானம் கிடைக்காது.

இன்னும் அழுத்தமான இடம் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரம். விசுவாசிகள் தேவனுடைய வாசஸ்தலமாகக் கூட்டிக் கட்டப்படுகிறார்கள் என்று அது முடிகிறது. கூட்டங்களில் இந்த முடிவை மட்டும் வாசிப்பார்கள். சில வசனங்கள் முன்னால், பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது என்று இருப்பதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அது ஏதோ உவமை அல்ல. எருசலேம் ஆலயத்தில் யூதரல்லாதவர் தாண்டக்கூடாத தடுப்புச் சுவர் ஒன்று நிஜமாகவே இருந்தது. மீறி உள்ளே வருகிறவனின் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல் 1871இல் கண்டெடுக்கப்பட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துரோப்பீமு என்கிற எபேசு ஊர்க்காரனை உள்ளே கூட்டிப் போனார் என்ற சந்தேகத்தில்தான் பவுலை ஆலயத்திலிருந்து இழுத்து வந்து அடித்தார்கள், கைது செய்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. கோயில் நுழைவுக்காக வாங்கிய அடி என்று நம் மொழியில் சொல்லலாம். சுவர் இடிந்தால்தான் வாசஸ்தலம் என்பது அந்த அதிகாரத்தின் வரிசை. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிரசங்கிப்பது அஸ்திவாரம் தோண்டாமல் கூரை போடுவது.

அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார் என்று கலாத்தியர் கடிதத்தில் இருக்கிறது. இதைச் சீஷத்துவப் பாடமாக எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? சொந்தக்காரன் பார்த்துவிடுவானோ என்று பந்தியைவிட்டு எழுகிற பேதுருக்கள்தானே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் மண்ணில் இந்த வாசஸ்தல வேதாந்தம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி, ஏற்கெனவே அங்கே பரதவர்களுக்கு இருந்த சபையோடு ஒட்டாமல் தனி வீடு, தனிக் கோயில் அமைத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் இருக்கலாம் என்று 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில், 1704இல், புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் துர்னோன் போட்ட தடைகளில் ஒன்று முக்கியமானது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அந்தக் குடிசைக்குள் போகமாட்டார். நோயாளியைத்தான் வெளியே தூக்கி வர வேண்டும். இதைத்தான் அவர் கூடாது என்றார். நாற்பது வருடம் இழுத்தடித்து 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதி செய்தபோது என்ன தீர்வு வந்தது? பறையர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை ஒதுக்கிக்கொள்கிறோம் என்றார்கள், போப்பும் சரி என்றார். தேவன் மனிதர்களோடு குடியிருக்க வருகிறார் என்று பிரசங்கிப்பவர், ஒரு குடிசையின் வாசற்படி தாண்டமாட்டேன் என்று நாற்பது வருடம் வழக்காடியிருக்கிறார்.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். திருவிருந்தில் பறையர் வாய் வைத்த கிண்ணத்தில் வாய் வைக்கமாட்டோம் என்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அடம்பிடித்தார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டதும் பெருங்கூட்டமாக வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், கிண்ணத்தை விடமாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

வடக்கன்குளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை வடிவத்தில் இருந்தது. வெள்ளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். சாமியார் எல்லோருக்கும் தெரிவார், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910இல் கௌசானல் அடிகள் நடுச்சுவரை இடித்தார். உடனே பிள்ளைமாரும் முதலிமாரும் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் வரை இழுத்துத் தோற்றார்கள். தனியாக உட்கார்ந்து கும்பிடும் உரிமைக்காகக் காசு செலவழித்து வழக்கு நடத்திய பக்தர்களை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தென்மாவட்டச் சபைகளில் அதிகாரத்தில் இருக்கிறார்கள். சுவரின் வலி தெரிந்தவர்களிடம் அதிகம் எதிர்பார்ப்பது நம் தவறு போலும்.

பழங்கதை என்று சொல்வார்கள். எறையூர் பழங்கதையா? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக முடியாத தலித் கிறிஸ்தவர்கள் எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அதற்காக வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. ஒரே ஞானஸ்நானம், ஒரே ஜெபமாலை, ஒரே மாதா. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்கள். உயிர்த்தெழுதல் நாளில் எழுந்து வருகிறவர்கள் முதலில் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள்.

ஆவிக்குரிய சபைகளில் இதெல்லாம் கிடையாது என்று ஒரு பதில் வரும். பாதி நியாயம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஓலைக் கொட்டகையிலும் வாடகை மண்டபத்திலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் சபைகளில் யாரும் எங்கேயும் உட்காரலாம். பட்டம் வாங்காத ஒரு தலித் இளைஞன் மைக் பிடித்துப் போதகர் ஆகலாம். அந்தச் சுயமரியாதைக்காகத்தான் நம் மக்கள் பெரிய கோயில்களை விட்டு அங்கே போனார்கள். ஆனால் மணமக்கள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, அபிஷேகம் பெற்று, அந்நிய பாஷை பேசுகிற மணமகன் வேண்டும், அதே சாதியில். ஆர்.சி. வன்னியர், சி.எஸ்.ஐ. நாடார், பெந்தெகொஸ்தே இன்னார். பரலோக பாஷை வாயில் வருகிறது, சாதிப் பெயர் விளம்பரத்தில் வருகிறது. உன்னில் தேவன் வாசம்பண்ணுவது உண்மையானால், அவருக்கு ஒரு மருமகளை எந்தத் தெருவில் எடுப்பது என்பதில் என்ன சங்கடம்?

இந்தக் கடைசிக் காலப் பிரசங்கம் இன்னொரு வேலையையும் செய்கிறது. உலகம் முடியப்போகிறது, இடஒதுக்கீடு எதற்கு, நிலம் எதற்கு, சங்கம் எதற்கு, மேகத்தில் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று சேரிக்குச் சொல்கிறது. மேகத்தில் தூக்கிக்கொண்டு போகும் இந்த இரகசிய வருகைப் போதனையைப் பரப்பியது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவர். 1909இல் ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் எதிர்த்திசை இருக்கிறது. மனிதர்கள் மேலே போகவில்லை. நகரம் கீழே இறங்குகிறது. தேவனின் வாசஸ்தலம் மனிதர்களிடத்தில் வருகிறது. அப்படி வருமானால் அதற்குக் காலூன்ற நிலம் வேண்டாமா?

நிலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட சீஷர்களும் இருந்தார்கள். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் நிலமில்லாப் பறையர்களின் நிலைமையை அரசின் காதில் போட்டார்கள். டிரமன்ஹீர் அறிக்கையும் சேர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். அதை மீட்கக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்று வேதாகமத்துப் பெயர், ஒன்று திருமலைப் பெயர். அந்த இரண்டும் ஒன்றாக நின்ற இடத்தைப் பற்றி எந்தக் கடைசிக் காலக் கூட்டத்திலும் பேசமாட்டார்கள்.

ஆயர்களுக்கும் ஒரு வார்த்தை. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கிறீர்கள். சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் கொடுத்ததைக் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மறுப்பது அயோக்கியத்தனம். கொடு என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்ன பிறகும், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இந்தக் கோரிக்கையில் நாங்கள் உங்களோடு நிற்கிறோம். ஆனால் டெல்லிக்குப் போய், மதம் மாறியும் எங்கள் மக்கள் சாதிக்கொடுமை அனுபவிக்கிறார்கள் என்று மனு கொடுக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பியதும், எங்கள் சபையில் சாதியே இல்லை, சிலர் தூண்டிவிடுகிறார்கள் என்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் இரண்டாவது பேச்சைத்தான் நீதிமன்றத்தில் காட்டுவார். 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார், மகிழ்ச்சி. டி நோபிலி வந்து 416 வருடம் கழித்து.

அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்குச் சுவரொட்டி அடிக்கப்போகும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இடத்தை மட்டும் மாற்றுங்கள். மைதானத்துக்குப் பதிலாக, உங்கள் ஊரில் தேர் திரும்பாத அந்தச் சேரித் தெருமுனையில் பந்தல் போடுங்கள். முதல் நாள் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். இரண்டாம் நாள் சமபந்தி வையுங்கள். சமையல் சேரிப் பெண்கள் கையால் நடக்கட்டும், வெளியூர் தேவ ஊழியர் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மூன்றாம் நாள் எல்லோருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அங்கே சுவர் ஏதாவது இருந்தால், கடப்பாரை நாங்கள் கொண்டு வருகிறோம்.