சொல்லுக்குத் தீட்டில்லை, தோலுக்குத்தான் தீட்டு

மார்கழி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குத் திருப்பாவை ஒப்புவிக்கும் போட்டி. ஐந்து வயசுப் பாவாடைக்காரி 30 பாட்டையும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். முதல் பாட்டிலேயே பறை வருகிறது, கடைசிப் பாட்டிலும் வருகிறது. ஆண்டாள் கேட்பதே பறைதான். உரைகாரர்கள் அதற்கு இறைத்தொண்டு என்று பொருள் சொல்லி, சொல்லை மட்டும் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டார்கள். தோலும் குச்சியும் சேரியிலேயே கிடந்தன.

தட்டுவதுதான் குழந்தையின் முதல் வித்தை. தட்டு, சொம்பு, தகர டின்னு, எது கெடச்சாலும் தட்டும். ஆடிப்பூரத் தேருக்கு முளைக்கும் கடைகளில் பிளாஸ்டிக் மேளம், ஊதல், இழுத்தால் டமடமவென்று அடிக்கிற வண்டி என்று எல்லாச் சாதிக்காரரும் வாங்கித் தருகிறார்கள். கொஞ்சம் வளர்ந்தால் ராஜபாளையத்தில் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கீபோர்டு, மிருதங்கம். மிருதங்கத்தில் இருப்பது என்ன தோலாம்? மாட்டுத்தோல்தானே! அதைச் செய்யும் தலித் கிறித்தவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் மேடையேறலாம், தோலைப் பதம்பண்ணியவன் பெயர் ஏறக்கூடாது.

சரி, நம்ம சனம் என்ன செய்யுது? "அதத் தொடாதல, படிச்சு உருப்படுற வழியப் பாரு" என்று பறையைப் பரண்மேல் தூக்கிப் போடுகிறார்கள் அப்பன்மார். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கேதம் சொல்ல நடந்த காலும், அடுத்தவன் பாடைக்கு முன்னால் அடித்த கையும் அவர்களுடையவை. எங்கள் பக்கம் அதன் பெயரே தப்பு. தப்பு என்று கேட்டு வளரும் பிள்ளை அதை எப்படி எடுக்கும்?

1990களில் இயக்கத்துக்குள் இரண்டு குரல் இருந்தது. பறையைத் தூக்கி எறி என்றது ஒன்று, விடுதலைக்கு அடி என்றது இன்னொன்று. திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்களே பறையடித்து ஆடினார்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. ஆனால் விருது வந்ததும் ‘தமிழர் ஆதி இசை’ என்று சாதியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பேசுகிறவர்கள் பெருகுகிறார்கள். இது எனக்கு எரிச்சல்தான்.

என் கட்சி இது. பறை நம் மாலைநேரப் படிப்பகங்களில் நாலு வயசிலிருந்தே பிள்ளைகள் கைக்கு வரணும். சின்ன வளையமாகச் செய்யச் சொல்லுவோம். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோல் ஒட்டுவதை, தீயில் காட்டினால் சத்தம் ஏறுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். இடது கையில் மெல்லிய சிம்புக் குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. ரெண்டும் ரெண்டு கணக்கு. பிஞ்சுக் கைக்கும் மூளைக்கும் இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கடையில் கிடையாது. பொம்பளப் பிள்ளைகளும் சேர்ந்தே அடிக்கணும்.

ஆனால் சாவுக்குப் போகாது அந்தப் பறை. அதிகாரி வருகிறார், மந்திரி வருகிறார் என்று பிள்ளைகளை வாசலில் நிறுத்தி அடிக்கச் சொன்னால் அதற்கும் போகாது. இந்த ரெண்டையும் முதல் நாளே பெத்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அப்பத்தான் பரண்மேல் இருப்பதை இறக்குவார்கள்.

ரத வீதிப் பிள்ளையும் கத்துக்கணும்னா வரட்டும். சேரிக்கு வந்து ஆசான் முன்னால் உட்காரட்டும். கீபோர்டு வாத்தியாருக்கு என்ன சம்பளமோ, அதே சம்பளம்.