எலும்பில் படிந்த சுரண்டல்

பழைய பேட்டரிகளை உடைத்து, உருக்கிக் காரீயம் பிரிக்கும் பட்டறைகள் நம் நகரங்களின் விளிம்புகளில் இயங்குகின்றன. இன்வெர்ட்டரும் மின்ரிக்‌ஷாவும் பெருகப் பெருக இத்தொழிலும் பெருகுகிறது. அங்கு உழைப்பவர் சுவாசிக்கும் ஈயப் புகையும், உடையில் ஒட்டி வீடு சேரும் தூளும் குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை. இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவிலோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக 2020இல் யூனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது.

இக்கொடுமையை மறைக்க முதலாளிகளுக்குக் கைகொடுப்பது இரத்தப் பரிசோதனையின் வரம்பே. இரத்தத்தில் புகுந்த ஈயத்தில் பாதி ஏறத்தாழ ஒரு மாதத்தில் அகன்றுவிடுகிறது. எனவே அச்சோதனை பெரும்பாலும் அண்மைக் காலத்தையே காட்டும். அகன்றதில் ஒரு பகுதி எலும்பில் தங்குகிறது. வயது வந்தோர் உடலிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பிலேயே பல்லாண்டுகள் உறைகிறது. கருவுற்ற காலத்திலும், பாலூட்டும்போதும், முதுமையில் எலும்பு தேயும்போதும் அது மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. பட்டறையை விட்டு வெளியேறிய பின்னும் பட்டறை அவர்களை விடுவதில்லை.

எலும்பிலுள்ள ஈயத்தை ஊடுகதிரால் அளக்கும் முறை புதிதன்று. ஆனால் அதற்குக் கதிரியக்க மூலமும் ஆய்வுக்கூடமும் அரைமணி நேரமும் தேவைப்பட்டன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கையடக்க ஊடுகதிர்க் கருவியை இப்பணிக்கு ஏற்றவாறு தகவமைத்துள்ளனர். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் மேல் வைத்தால் சில நிமிடங்களில் அளவு தெரிகிறது. எலும்பை மூடிய தசை தடித்திருந்தால் துல்லியம் குறையும். கதிர்வீச்சுப் பாதுகாப்பும் பயிற்சியும் கட்டாயம். ஆயினும் வாழ்நாள் முழுவதும் சேர்ந்த நஞ்சின் கணக்கை அது காட்டும்.

இவ்வகைக் கருவி நம் நாட்டுக்கு அந்நியமன்று. நகைக்கடையில் பொன்னின் தரமும், பழைய உலோகச் சந்தையில் கலவையின் வகையும் இதே தத்துவத்தில்தான் அறியப்படுகின்றன. உலோகத்தின் மதிப்பறியக் கருவி உண்டு; அதனை உருக்கியவனின் உடலை அறிய இல்லை. மூலதனத்தின் முன்னுரிமை இதுவே.

ஈய நஞ்சேற்றத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலிட்டது. ஆனால் 2020இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்போ, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலை எனக் கருதப்படுவதற்கான ஆள் எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியது. சிறு பட்டறைத் தொழிலாளி சட்டத்தின் கண்ணிலிருந்து மேலும் விலகுகிறான்.

எனவே இஎஸ்ஐ மருத்துவமனைகளில் இக்கருவிகள் வைக்கப்பட வேண்டும். அதன் அளவீடு இழப்பீட்டுக்குச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். வேலையை விட்டு ஆண்டுகள் கழிந்தோருக்கும் அவ்வுரிமை வேண்டும். அதே வேளையில், "எலும்பில் ஈயம் மிகுதி" எனச் சொல்லித் தொழிலாளியை வெளியேற்ற முதலாளி இதனைப் பயன்படுத்த ஒருபோதும் அனுமதிக்கலாகாது. அளவீடு தொழிலாளியின் உடைமை. அவரது ஒப்புதலும் சங்கத்தின் கண்காணிப்பும் இன்றி அது நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது.

அளப்பது மட்டும் நஞ்சை அகற்றாது. புகையை உறிஞ்சும் அமைப்பும், மாற்றுடையும், குளியலறையும், ஊதியத்துடன் கூடிய பணிமாற்றமுமே பாதுகாப்பு. அவற்றை வென்றெடுப்பது போராட்டம் ஒன்றே. அப்போராட்டத்தில் தொழிலாளியின் எலும்பே மறுக்கவியலாச் சாட்சியாக நிற்கட்டும்.